முதல் ஃபிஃப்த் வீல்: டீலர் சொல்லும் எடையும் கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரும்

ஃபிஃப்த் வீல் என்பது பிக்கப்பின் பின்தொட்டியில் (பெட்) பொருத்திய ஹிட்ச் என்ற இணைப்பில் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர். அமெரிக்காவில் முதல் ஃபிஃப்த் வீல் வாங்கப் போகிறவர்கள் நேரே டிரெய்லர் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் உங்கள் பிக்கப்பின் டிரைவர் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோட். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறன் வேறு கணக்கு. ஃபிஃப்த் வீலில் அந்த எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடும்.

காரணம் எளிது. சாதாரண டிராவல் டிரெய்லர் பம்பருக்குப் பின்னால் தொங்கி, தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டி மேல் வைக்கும். ஃபிஃப்த் வீலின் முன்பக்கம் கீழ்நோக்கி நிற்கும் கிங்பின் என்ற இரும்பு முளை நேராகப் பின் ஆக்சிலுக்கு மேல் உட்கார்ந்து, 20 சதவீதம் அல்லது அதற்கும் கூடுதலாக இறக்கும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 14,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர் (சாமானோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த அதிகபட்ச எடை) உள்ள டிரெய்லர், சாமான் ஏற்றி 13,500-க்கு வருகிறது. அதில் 22 சதவீதம் 2,970. ஹிட்ச் 200, நாலு பேர் குடும்பம் 550, பெட்டில் கிடக்கும் கருவிகள் 150. கூட்டினால் 3,870 பவுண்டு. ‘முக்கால் டன்’ என்று அழைக்கும் வகை டீசல் பிக்கப்பில் இதற்கு இடமே இல்லை. ‘ஒரு டன்’ வகையில், பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள வண்டியில் விளிம்பில் நிற்கும்.

ஒரு விஷயம். 10,000 பவுண்டுக்கு மேல் ஜிவிடபிள்யூஆர் உள்ள பிக்கப்புகளில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இல்லாமலும் இருக்கலாம். அப்போது டாங்க் நிரப்பி, எல்லோரும் ஏறி, எடைமேடையில் நிறுத்துங்கள். வந்த எடையை ஜிவிடபிள்யூஆரிலிருந்து கழித்தால் மீதி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

* * *

மேலே சொன்ன கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரோஷரில் போட்டிருக்கும் பின் வெயிட் (கிங்பின் பிக்கப் மேல் இறக்கும் எடை), காலி டிரெய்லருடையது. பேட்டரி, தண்ணீர், சாமான் எதுவும் அதில் சேராது. முன்பக்கச் சாமான் அறை, பேட்டரி, ஜெனரேட்டர், படுக்கையறை அலமாரி எல்லாம் ஆக்சிலுக்கு முன்னால்தான் இருக்கின்றன. அதனால் நீங்கள் ஏற்றுகிற பொருளில் நல்ல பங்கு கிங்பின் மேலேயே போய் விழும். பிரோஷரில் 2,100 என்று பார்த்து வாங்கினால், ஏற்றிய பிறகு 2,900 வந்து நிற்பது அதிசயமே இல்லை.

தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு. 60 கேலன் நல்ல தண்ணீர் டேங்க் நிரம்பினால் 500 பவுண்டு. அது ஆக்சிலுக்கு முன்னா பின்னா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

உண்மை எடை தெரிய ஹைவே டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடை போதும். முதலில் டிரெய்லரோடு ஏறுங்கள்: முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றும் தனித்தனித் தட்டில். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடும் அதே டீசலோடும் பிக்கப்பை மட்டும் எடை போடுங்கள். பிக்கப்பின் இரு ஆக்சில்களிலும் வந்த வித்தியாசம்தான் பின் வெயிட். பின் ஆக்சிலுக்கு அனுமதித்த அதிகபட்ச எடையான ஜிஏடபிள்யூஆரையும் டயரில் எழுதியிருக்கும் சுமையையும் அப்போதே ஒப்பிட்டுவிடுங்கள்.

* * *

லைசென்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கு வணிகம் சாராத கிளாஸ் ஏ வேண்டும். 10,000-க்கு மேல் 15,000 வரை என்றால் சாதாரண லைசென்ஸில் தனி அனுமதி சேர்க்க வேண்டும். டெக்சாஸில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் போனால் கிளாஸ் ஏ. வாங்கிய பிறகு லைசென்ஸ் அலுவலக வாசலில் போய் நிற்க வேண்டாம்.

உயரமும் அப்படித்தான். பல ஃபிஃப்த் வீல்கள் 13 அடியைத் தொடும். நியூயார்க் பக்கத்துப் பார்க்வேக்களில் பாலங்கள் தாழ்வு, காருக்கான ஜிபிஎஸ்ஸுக்கு அது தெரியாது. ஏசி மூடியின் உச்சி வரை நீங்களே டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

* * *

பெட் நீளம்: 8 அடி என்றால் கவலை இல்லை. 6.5 அடியில் கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை பிக்கப் கேபினின் பின் கண்ணாடியில் இடிக்கலாம். அதற்குத்தான் பின்னால் நகரும் ஸ்லைடர் ஹிட்ச். கையால் இழுக்கும் வகையில், திரும்புவதற்கு முன்பே இறங்கிப் போய் நெம்புகோலை விடுவிக்க வேண்டும். அதை மறந்த அன்று கண்ணாடி போகும். 5.5 அடி பெட்டில் முழு அளவு ஃபிஃப்த் வீல் யோசனையே வேண்டாம்.

* * *

வசதிகள் பற்றிப் பேசலாம். ஷோரூமில் பக்கச்சுவரிலிருந்து நீளும் அறைப்பகுதிகளான ஸ்லைடுகள் எல்லாம் வெளியே தள்ளி, விளக்கெல்லாம் எரிய, ஹால் போல இருக்கும். விற்பவரிடம் “எல்லா ஸ்லைடையும் உள்ளே இழுங்க” என்று சொல்லுங்கள். பிறகு உள்ளே போய்ப் பாருங்கள்: கழிவறைக் கதவு திறக்கிறதா, ஃபிரிட்ஜ் திறக்கிறதா, படுக்கைக்குப் போக வழி உண்டா? நெடுஞ்சாலையோரம் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது தேவைப்படுவது இவ்வளவுதான். பாதி மாடல்கள் இந்தச் சோதனையிலேயே கழிந்துவிடும்.

ஸ்லைடு இயங்கும் முறையையும் கேளுங்கள். பெரிய, கனமான ஸ்லைடுக்கு ஹைட்ராலிக் அல்லது ரேக் அண்ட் பினியன். சுவருக்குள் இரு மோட்டார் வைத்த வகை இலகுவானது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். பொத்தானை நடுவில் விட்டுவிட்டால் இரு மோட்டாரும் தாளம் தப்பி, ஸ்லைடு கோணலாகி மாட்டிக்கொள்ளலாம். கடைசி வரை அழுத்தி, மோட்டார் தானாக நின்ற பிறகு இன்னும் இரண்டு நொடி பிடித்திருங்கள்.

டிரெய்லரைத் தானாக மட்டமாக நிறுத்தும் ஆறு கால் ஆட்டோ லெவலிங்குக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் வைத்திருந்தால் டிரெய்லர் மட்டமாக நின்றே ஆக வேண்டும். சாய்ந்தால் உள்ளே ஓடும் திரவம் தேங்கி, குளிரூட்டும் குழாய் கெடும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கரண்ட் இல்லாத இடத்தில் பேட்டரியைத் தின்னும். 200 ஆம்ப் ஹவர் லித்தியமும் கூரையில் சோலாரும் இல்லாமல் அதை எடுக்காதீர்கள்.

* * *

ஆட்டோ லெவலிங்கை விட டயருக்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். 7,000 பவுண்டு ஆக்சில் இரண்டு போட்ட டிரெய்லர்களில் எஸ்டி235/80ஆர்16 லோட் ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) ஈ டயரைப் பார்க்கலாம். 80 பிஎஸ்ஐயில் ஒரு டயர் தாங்குவது 3,520 பவுண்டு. நாலு டயருக்கு 14,080. இரண்டு ஆக்சிலின் திறன் 14,000. மிச்சம் 80 பவுண்டு. ஆக்சில்கள் முழுச் சுமையில் இருக்கும்போது ஒரு பக்கம் சமையலறையும் அலமாரியும் வந்து சாய்ந்தால் அந்தப் பக்க டயர் ஏற்கனவே அளவை மீறிவிட்டது என்று பொருள். அது வெடிக்கும்போது டயரோடு போகாது; சக்கர மேல்மூடியைக் கிழித்து, தண்ணீர்க் குழாயையும் வயரையும் பிய்த்துக்கொண்டு போகும்.

லோட் ரேஞ்ச் ஜி-க்கு மாறுங்கள், 110 பிஎஸ்ஐ. ஆனால் சக்கரமும் அந்த அழுத்தத்துக்கு உரியதா என்று ரிம்மின் உள்பக்க முத்திரையைப் பாருங்கள். டயரின் டாட் எண்ணில் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம். திரெட் புதிதாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆனால் மாற்றுங்கள். டயர் அழுத்தத்தைக் காட்டும் டிபிஎம்எஸ் வைத்தால் சிக்னல் ரிப்பீட்டரும் சேர்த்து வாங்குங்கள். நீள டிரெய்லரின் வால்பக்கத்திலிருந்து கேபினுக்குச் சிக்னல் வராமல் போகலாம். சக்கரம் கழற்றி மாட்டினால் 10, 25, 50 மைலில் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கவும்.

சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் பிளாஸ்டிக் புஷ் இருந்தால், கிரீஸ் அடிக்கக்கூடிய வெண்கலப் புஷ் வகைக்கு மாற்றுவது அதிகச் செலவில்லாத நல்ல வேலை.

* * *

நம் சமையலுக்கு ஒன்று. அடுப்புக்கு மேலுள்ள ஹூட் புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி வழியே திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். வெளிச்சுவரில் சின்ன மூடி இருந்தால் வெளியே போகும் வகை. பயணத்துக்காக அதை ஒரு கொக்கி போட்டுப் பூட்டியிருப்பார்கள், சமைப்பதற்கு முன் திறக்க வேண்டும். இல்லையென்றால் தாளிக்கிற வாசனை மெத்தையில் ஒரு வாரம் தங்கும், புகை அலாரம் ஒவ்வொரு தோசைக்கும் அலறும்.

மின்சாரம் 30 ஆம்பா 50 ஆம்பா என்பதும் இதோடு சேர்ந்ததே. 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசிக்கு 13 ஆம்ப், வெந்நீர் ஹீட்டரின் சூடேற்றும் கம்பிக்கு 12, ஊரிலிருந்து கொண்டுவந்த 750 வாட் மிக்ஸி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 7. மொத்தம் 32, பிரேக்கர் விழும். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு லைன், மொத்தம் 12,000 வாட். இரண்டு ஏசி வேண்டுமென்றால் 50 ஆம்ப் உள்ளதையே எடுங்கள். வோல்டேஜ் குறைந்தாலும் துண்டிக்கும் சர்ஜ் காவலன் இல்லாமல் எந்த முகாமிலும் ஒயரைச் செருக வேண்டாம்.

குளிருக்கு: மணிக்கு 35,000 பிடியூ வெப்ப அளவுள்ள ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் 30 பவுண்டு புரோப்பேன் சிலிண்டர் ஒன்று 18 மணி நேரத்தில் காலி. ‘நாலு பருவத்துக்கும்’ என்று டிரெய்லரில் எழுதியிருப்பதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. அடிவயிறு மூடியிருக்கிறதா, ஃபர்னஸ் காற்று டேங்குகள் வரை போகிறதா என்று குனிந்து பார்ப்பதுதான் சோதனை.

* * *

டெலிவரி எடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் இணைத்து, 45 பிஎஸ்ஐ ரெகுலேட்டரோடு எல்லாக் குழாயையும் திறந்து, சிங்க் அடியில் காகிதத் துண்டு விரித்து வையுங்கள். அரை மணி கழித்து நனைந்திருந்தால் அங்கே கசிகிறது. கூரையில் ஏறி, சீலன்ட் விரிசல் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் சுவரைக் கையால் தட்டிக்கொண்டே போங்கள். கொப்புளம் போல எழும்பிய இடத்தில் உள்ளே தண்ணீர் புகுந்து ஒட்டு விட்டிருக்கும். பழைய டிரெய்லரில் அது தெரிந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள். குறை இருந்தால் சரிசெய்து முடிக்கும் வரை கையெழுத்து வேண்டாம்.

* * *

கடைசியில் மாட்டுவது. டெயில்கேட்டைத் திறந்து, டிரெய்லரின் கிங்பின் தட்டை ஹிட்ச் தட்டை விட அரை முதல் ஒரு அங்குலம் தாழ வைத்துப் பின்வாங்குங்கள். தட்டு டிரெய்லரைத் தூக்கிக்கொண்டே உள்ளே போக வேண்டும். உயரமாக வைத்தால் கிங்பின் ஹிட்ச்சின் தாடைக்கு மேலேயே நிற்கும், பூட்டியதுபோல் தெரியும், முதல் மேட்டில் இறங்கி பெட்டின் பக்கச்சுவரை நசுக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்: இரண்டு தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றியிருக்க வேண்டும். ஏழு முனைப் பிளக்கைச் செருகுங்கள். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் பிரேக்அவே கயிற்றை ஹிட்ச்சில் கட்டாமல் பிக்கப்பில் கட்டுங்கள். ஹிட்ச்சே பிடுங்கிக்கொண்டால் கயிறும் அதோடு போய்விடும்.

அடுத்து லேண்டிங் கால்கள் தரையைத் தொட்டபடியே இருக்கட்டும். சக்கரக் கட்டையும் போட்டபடி, கையால் டிரெய்லர் பிரேக் பிடித்து பிக்கப்பை மெல்ல முன்னால் இழுங்கள். விடுபட்டாலும் கால் தாங்கும். நகராமல் பிடித்துக்கொண்டால் கால்களைத் தூக்கலாம், கட்டையை எடுக்கலாம். கழற்றும்போது கட்டை போட்ட பிறகே தாடையைத் திறக்க வேண்டும், டெயில்கேட்டையும் முதலிலேயே இறக்கிவிட வேண்டும். அதை மறந்து முன்னால் நகர்த்தினால் கிங்பின் பெட்டி டெயில்கேட்டைக் கையோடு கொண்டுபோய்விடும்.