தெரிந்ததை ஏன் எழுதாமல் விட்டான்?

பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் எடுக்கிறேன், ஆங்கிலத் துறை ஆள் இல்லை. ஆனாலும் மாணவர்களின் ஆங்கிலத்தோடு அதிக நேரம் மல்லுக்கட்டுவது எங்களைப் போன்றவர்கள்தான், ஏனென்றால் லேப் ரெக்கார்டும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் எங்களிடம்தான் வருகின்றன. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தவர்கள் என் வகுப்பில் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் கான்கிரீட் க்யூப் சோதனை அறிக்கை கொண்டுவந்தான். கான்கிரீட்டைக் கனசதுர அச்சில் வார்த்து, சில நாள் தண்ணீரில் ஊற வைத்து, எவ்வளவு சுமை தாங்குகிறது என்று நசுக்கிப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. முன்னுரை இரண்டு பக்கம், ஒரு பிழை கிடையாது. முடிவுகள் பகுதிக்கு வந்தால் வரிக்கு இரண்டு தப்பு. முன்னுரை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நெட்ல இருந்து எடுத்தேன் சார், என் இங்கிலீஷ் நல்லா இருக்காது" என்றான். சரி, பேப்பரை மூடி வை, 28 நாள் க்யூப் ஏன் 7 நாள் க்யூபைவிட அதிகச் சுமை தாங்கியது, தமிழில் சொல்லு தம்பி என்றேன்.

அவனுடைய அப்பா கொத்தனார். தளம் போட்ட பிறகு ஈரச் சாக்கு விரித்துத் தண்ணீர் விடுவதில் ஆரம்பித்து, சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகுவது நாள்கணக்கில் நடக்கிற வேலை, காய விட்டால் அது பாதியில் நின்றுபோகும் என்பது வரை தடங்கல் இல்லாமல் சொன்னான். மூன்று க்யூபில் ஒன்று மட்டும் ஏன் குறைவாகக் காட்டியது என்றதற்கு, அச்சில் நிரப்பும்போது கம்பியால் சரியாகக் குத்தவில்லை சார், உள்ளே காற்று நின்றிருக்கும் என்றான். இது அறிக்கையில் எங்குமே இல்லை! ஆங்கிலத்தில் எழுத வராது என்று விட்டுவிட்டானாம்.

எனக்கு மனசு கனத்துவிட்டது. பிழையோடு எழுதியிருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன், எழுதாமலே விட்டதை என்ன செய்வது?

அதிலிருந்து முதலில் தமிழில் சொல்ல வைக்கிறேன், அதைக் குறிப்பாக எழுத வைக்கிறேன், அப்புறம்தான் ஆங்கிலம். பிழைகளில் பாதி கவனக்குறைவால் வருவதும் இல்லை. அறையில், மேசையில், பேருந்து நிறுத்தத்தில் என்று நமக்கு ஒரே 'இல்' போதும், ஆங்கிலத்துக்கு இன், ஆன், அட் மூன்றும் வேண்டும். 'மூன்று க்யூப்' என்றுதான் நாம் பேசுகிறோம், அதையே 'த்ரீ க்யூப்' என்று எழுதுகிறான். இதைப் போர்டில் எழுதிக் காட்டிய அன்று வகுப்பில் பலருடைய முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஒரு அறிக்கையில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துகிறேன். சலுகை காட்டுகிறேன் என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மறுமொழி 1

சார், நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவள். இளங்கலை வரலாறு தமிழ்வழியில் படித்துவிட்டு முதுகலைக்கு வெளிமாநிலம் போனேன். முதல் கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் ஏழு இடத்தில் 'அன்கிளியர்' என்று இருந்தது, என்ன புரியவில்லை என்று ஒரு இடத்திலும் இல்லை. ஹாஸ்டல் சீனியர் அக்கா ஒருவர்தான் என்னை உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொன்னார். '1806-இல் வேலூரில் கலகம் செய்த சிப்பாய்களுக்குக் கொடுத்த தண்டனை' என்று தமிழில் ஒரே மூச்சில் வருவதை, அதே வரிசையில் ஆங்கிலத்தில் அடுக்கியிருந்தேன். "தண்டனையை முதல்ல வைம்மா, யாருக்கு, எங்கே, எப்போங்கிறது எல்லாம் பின்னாடி வரட்டும்" என்றார். அந்த செமஸ்டர் முழுக்க அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் எழுதினேன்.

மறுமொழி 2 (பதிவிட்டவர்)

ரொம்ப நன்றிம்மா, இதை நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன். அந்தப் பையன் அறிக்கையைத் திருப்பி எழுதிக் கொண்டுவந்தான். முன்னுரை அரைப் பக்கம்தான், ஆனால் அவனுடையது. குறைவாகக் காட்டிய க்யூபைப் பற்றி நாலு வரி இருந்தது. 'அட்' வர வேண்டிய இடத்தில் 'இன்' போட்டிருந்தான், அதை அடுத்த அறிக்கைக்கு வைத்துக்கொண்டேன்.