மட் வரி, பாண்ட் டீஃபால்ட், ரிசீவர்: டெக்சாஸில் வீடு வாங்குமுன்

கேள்வி: ஹூஸ்டன் பக்கம், கேட்டியில் புது வீடு பார்க்கிறோம். 'மட்' (MUD, புதுக் குடியிருப்புக்குத் தண்ணீர், கழிவுநீர் வசதி செய்து தரும் உள்ளூர் அமைப்பு) என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அந்த மட் தன் பாண்ட் (கடன் பத்திரம்) கடனைக் கட்டாவிட்டால் ரிசீவர் (கோர்ட் நியமிக்கும் நிர்வாகி) வந்து தண்ணீரை நிறுத்திவிடுவார் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1: தண்ணீர் நிற்காது. குழாயில் தண்ணீர் வந்தால்தான் பில் போட முடியும், பில் வசூலானால்தான் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம். பாண்ட் வைத்திருப்பவர்கள் சார்பில் டிரஸ்டி வங்கி வழக்குப் போடும். பாண்ட் ஒப்பந்தம் இடம் கொடுத்தால் நீதிபதி ரிசீவரை நியமிப்பார். நிர்வாகமும் வசூலும் கட்டண உயர்வும் அவர் கைக்குப் போகும். அடி விழுவது மாத பில்லில்.

அலபாமாவில் பர்மிங்ஹாம் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியில் இது நடந்தது. ஆற்றில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க 1996-ல் கோர்ட் மூலம் ஒப்புக்கொண்ட வேலைக்காக வாங்கிய கடன் 300 கோடி டாலரைத் தாண்டியது. பெரும்பகுதி மாறும் வட்டி, அதன்மேல் ஸ்வாப் (ஒருவகை வட்டியை இன்னொருவகை வட்டியாக மாற்றிக்கொள்ளும்) ஒப்பந்தங்கள் வேறு. 2008-ல் பாண்டுகளுக்குக் காப்பீடு கொடுத்த கம்பெனிகளின் ரேட்டிங் சரிந்ததும் வட்டி எகிறியது. 2010 செப்டம்பரில் மாநிலக் கோர்ட் ரிசீவரை நியமித்தது. 2011 நவம்பரில் கவுண்டி சாப்டர் 9 (உள்ளாட்சி அமைப்புகளுக்கான) திவால் மனு போட்டது. 2012 ஜனவரியில் திவால் நீதிபதி நிர்வாகத்தைக் கவுண்டியிடமே திருப்பினார். அப்படியும் மக்கள் தப்பவில்லை. 2013 தீர்வின்படி கழிவுநீர்க் கட்டணம் நான்கு ஆண்டுகள் 7.89%, அதன்பின் ஆண்டுதோறும் 3.49% உயர்வு. 100 டாலர் பில் நான்கு உயர்வுகளிலேயே 135-ஐத் தொட்டுவிடும்.

டெக்சாஸ் மட் விஷயம் வேறு. அங்கே பெரும்பாலான பாண்டுகளுக்குப் பிடிமானம் சொத்து வரிதான், அதுவும் உச்சவரம்பு இல்லாமல். அதனால் டீஃபால்ட் ஆனால், அதாவது மட் கடனைக் கட்டத் தவறினால், கடன் கொடுத்தவர்கள் முதலில் கேட்பது ரிசீவரை அல்ல. 'வரியைப் போட்டு வசூலி' என்று மட் போர்டுக்குக் கோர்ட் உத்தரவு. பில்டர் பாதியில் வேலையை நிறுத்தினால் 1,000 வீடு தாங்க வேண்டிய கடனை 300 வீடு தாங்கும். ரிசீவரைவிட நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

பதில் 2: விற்பவர் தர வேண்டிய மட் நோட்டீஸை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு வாங்குங்கள். டெக்சாஸ் தண்ணீர்ச் சட்டமான வாட்டர் கோட் 49.452 பிரிவின்படி அது கட்டாயம். தராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதில் வரி விகிதம், வாக்காளர் அனுமதித்த பாண்ட் தொகை, இதுவரை வெளியிட்ட தொகை மூன்றும் இருக்கும். கடைசி இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் இன்னும் கடன் வரப்போகிறது என்று அர்த்தம். 100 டாலர் மதிப்புக்கு 80 சென்ட் என்றால் 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 3,200 டாலர். பள்ளி, கவுண்டி வரியெல்லாம் தனி.

புது வீட்டில் ஒரு பொறி. ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்குத்தான் மதிப்பீடு. அன்று வெறும் மனையாக இருந்தால் முதல் ஆண்டு வரி அற்பமாக வரும், லோன்காரர் எஸ்க்ரோவையும் (வரிக்காக மாதத் தவணையோடு பிடித்து வைக்கும் பணம்) அதை வைத்தே கணக்கிட்டிருக்கலாம். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வந்ததும் பற்றாக்குறையோடு சேர்த்து மாதத் தவணை ஏறும். முழு மதிப்புக்குக் கணக்குப் போடச் சொல்லி க்ளோசிங்கிற்கு (வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள்) முன்பே கேளுங்கள்.

பதில் 3: 'எம்மா' (EMMA) என்ற, உள்ளாட்சி பாண்ட் விவரங்கள் வெளியாகும் இலவசத் தளத்தில் மட்டின் முழுப் பெயரையும் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். எண் முக்கியம், பக்கத்துத் தெரு வேறு மட்டாக இருக்கும். அசல், வட்டி கட்டத் தவறியது, கடன் தவணைக்காக ஒதுக்கி வைத்த ரிசர்வ் நிதியில் கைவைத்தது, ரேட்டிங் மாறியது, திவால் அல்லது ரிசீவர் நியமனம் போன்றவற்றைப் பத்து வேலை நாளுக்குள் அங்கே பதிய வேண்டும். ரிசர்வைத் தொட்ட அறிவிப்பு கண்ணில் பட்டால் ரியல்டர் என்ன சொன்னாலும் நிதானியுங்கள்.

ரிசீவர் வந்த ஊரில் கோபத்தில் பில் கட்டாமல் இருந்துவிடாதீர்கள், இணைப்பைத் துண்டிக்கும் விதி அப்படியேதான் இருக்கும். 'இனி இந்தக் கணக்கில் கட்டவும்' என்று கடிதம் வந்தால் பழைய பில்லில் உள்ள எண்ணை அழைத்து உறுதி செய்த பிறகே பணம் அனுப்புங்கள்.