உதவி தேவை: விளக்கப்படம் புரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், எந்த வகைக்கு மாறலாம்?

தேன்சிட்டு:
வணக்கம். ஆண்டறிக்கைக்காக எக்செல்லில் வட்ட விளக்கப்படங்கள் போட்டு அனுப்பியிருந்தேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் என்ன சொல்ல வருகிறது என்பதே புரியவில்லை என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். நாளை காலைக்குள் மாற்றிக் கொடுத்தாக வேண்டும். எந்த வகைப் படம் பொருத்தமாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நாற்கரம்:
எத்தனை வகைகள், எத்தனை ஆண்டுகள், எண்ணிக்கையா விழுக்காடா என்று எதையுமே சொல்லாமல் எந்தப் படம் பொருந்தும் என்று கேட்டால் யாரால் என்ன சொல்ல முடியும்? அறிக்கை திரையில் காட்டப்படுமா, அச்சாகுமா என்பதும் தெரிய வேண்டும்.

வெண்பலகை:
விவரம் எதுவாக இருந்தாலும் வட்டத்தைக் கைவிட்டுக் கிடைமட்டப் பட்டைகளுக்கு மாறுங்கள். ஒரே அளவுகோலின் மீது இருக்கும் இடங்களை ஒப்பிடுவதில்தான் நம் கண் குறைவாகத் தவறுகிறது என்பதையும், கோணத்தை ஒப்பிடும்போது தவறு கூடுகிறது என்பதையும் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1984-இல் சோதனை செய்தே காட்டிவிட்டார்கள். 22 விழுக்காட்டுத் துண்டையும் 25 விழுக்காட்டுத் துண்டையும் எண் எழுதாமல் ஒரே வட்டத்தில் வைத்தால் எது பெரியது என்று தடுமாறுவோம். அவற்றையே பட்டைகளாக அடுத்தடுத்து வைத்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கணக்கர்:
இந்தக் கேள்வி வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் வருவதில்லை. வெண்பலகைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1786-இல் பட்டை விளக்கப்படத்தை வெளியிட்ட அதே ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர்தான் 1801-இல் வட்டத்தையும் வெளியிட்டார். இரண்டு மூன்று பங்குகளே இருந்து, அவற்றில் ஒன்று பாதியைத் தாண்டுகிறதா என்பது மட்டுமே கேள்வியானால் வட்டம் நன்றாகவே வேலை செய்யும். படத்தைப் பார்ப்பவர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாதவர் வரையத் தொடங்கவே கூடாது.

இளவேனில்:
ஐயா சொல்வது சரிதான், சற்று மென்மையாகச் சொல்லியிருக்கலாம். தேன்சிட்டு, முப்பரிமாண வட்டமா போட்டிருக்கிறீர்கள்? அப்படியானால் சாய்வின் காரணமாக முன்பக்கத்துத் துண்டு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

தேன்சிட்டு:
ஆம், முப்பரிமாணம்தான். வாடிக்கையாளர் புகார்களில் 9 வகைகள், 2020 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஒரு வட்டமாக 5 வட்டங்கள், எல்லாம் விழுக்காடு. தாமதம் பற்றிய புகார்களின் பங்கு ஏறிக்கொண்டே வருவதைக் காட்ட வேண்டும். அறிக்கை கறுப்பு வெள்ளையில் அச்சாகும்.

நாற்கரம்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைக் காட்டுவதற்குக் கோட்டு வரைபடமே ஏற்றது. ஆனால் ஒன்பது கோடுகளையும் ஒரே கனத்தில் போட்டால் சிக்கெடுக்க முடியாத நூற்கண்டாகிவிடும் என்பதால், தாமதத்தின் கோட்டை மட்டும் தடித்த கறுப்பில் வைத்து, மற்ற எட்டையும் மெல்லிய சாம்பல் கோடுகளாக்குங்கள். ஓரத்தில் தனியாக வைக்கும் வண்ண விளக்கப் பெட்டியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு கோட்டின் வலது முனையிலேயே அதன் பெயரை எழுதுங்கள். ஒன்பது விதச் சாம்பலைப் பெட்டியோடு பொருத்திப் பார்க்க எவராலும் முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 200 புகார்களில் 40 என்றால் 20 விழுக்காடு. 100 புகார்களில் 30 என்றால் 30 விழுக்காடு. பங்கு ஏறியிருக்கிறது, எண்ணிக்கையோ குறைந்திருக்கிறது. எனவே ஒவ்வோர் ஆண்டின் கீழும் அந்த ஆண்டின் மொத்தப் புகார் எண்ணிக்கையைச் சிறிய எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வெண்பலகை:
நானாக இருந்தால் ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து பட்டைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் வகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தாமதத்தை அடியில் போடுவேன். அடித்துண்டுகள் மட்டுமே ஒரே தளத்தில் தொடங்குவதால் அவற்றைத்தான் சரியாக ஒப்பிட முடியும்; நடுவில் போட்டால் அந்தரத்தில் தொங்கும். எந்தப் படமானாலும் செங்குத்து அச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டும். 92, 96 என்ற இரண்டு பட்டைகளை 90-இல் தொடங்கி வரைந்தால், ஒன்று மற்றொன்றைவிட மூன்று மடங்கு உயரமாகத் தெரியும்.

இளவேனில்:
அது பட்டைக்கான விதி. பட்டையில் நீளமே அளவு என்பதால் அடியை வெட்டினால் பொய்யாகிவிடும். கோட்டிலோ நாம் சரிவைத்தான் படிக்கிறோம். காய்ச்சல்காரரின் உடல் வெப்பம் 37 பாகையிலிருந்து 39-க்கு ஏறுவதைச் சுழியத்திலிருந்து வரைந்தால், மருத்துவருக்குக் கிட்டத்தட்டத் தட்டையான கோடுதான் தெரியும்.

வெண்பலகை:
அந்தச் சலுகையைக் கொடுத்தால், அரை விழுக்காட்டு ஏற்றத்தையும் மலையுச்சியாக்கிக் காட்டுவதற்கு எல்லோரும் அதையே சாக்காகச் சொல்வார்கள்.

கணக்கர்:
செல்சியஸின் சுழியம் நீர் உறையும் நிலைக்கு வைத்த குறி, வெப்பமே இல்லாத நிலை அல்ல. ஆகவே அந்த எடுத்துக்காட்டில் சுழியத்தைப் பிடித்துத் தொங்குவதற்குப் பொருளே இல்லை. விழுக்காட்டுக்குச் சுழியம் உண்மையான சுழியம். இந்த வேறுபாடு தெரியாமல் இருவரும் ஏன் மோதிக்கொள்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

தேன்சிட்டு:
ஒரு கறுப்புக் கோடும் எட்டுச் சாம்பல் கோடுகளுமாக அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். கீழே போட்ட மொத்த எண்ணிக்கையைத்தான் மேலாளர் முதலில் கவனித்தார். அனைவருக்கும் நன்றி.

வெண்பலகை:
அச்சை எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பதைச் சொல்லவே இல்லையே?