பலாலி–சென்னை தூரமும் பறக்கும் நேரமும்: வன்னியில் இருந்து எது வசதி?

முல்லைக்கரை:
வணக்கம். அம்மாவைக் கண் ஒப்பரேசனுக்குச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நாங்கள் இருப்பது புதுக்குடியிருப்புப் பக்கம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னை கிட்ட என்கிறார்கள். ஆனால் ரிக்கற்றில் பார்த்தால் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து போவதற்கும் இதற்கும் பறக்கும் நேரம் பெரிய வித்தியாசம் இல்லை. தூரம் உண்மையில் எவ்வளவு? அம்மாவுக்கு முழங்கால் நோவும் இருக்கு, கன நேரம் இருக்கமாட்டா.

பரந்தன்சந்தி:
வானத்தால் நேர்கோட்டில் பலாலி–சென்னை 355 கிலோமீற்றர் அளவு. கட்டுநாயக்க–சென்னை கிட்டத்தட்ட 650. அப்படியிருந்தும் நேரம் ஒட்டிவரக் காரணம் விமானம்தான். பலாலி ஓடுபாதை சின்னது என்பதால் அங்கே வருவது காற்றாடி வைத்த ஏ.டி.ஆர் 72, மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் ஓடும். கட்டுநாயக்கவில் இருந்து போகும் ஜெட் 800க்கு மேலே. ரிக்கற்றில் போடும் நேரத்துக்குள் ஓடுபாதை வரை உருண்டு போவது, இறங்கி நிற்பது எல்லாம் அடங்கும். அதனால் இரண்டும் ஒன்றேகால் மணித்தியாலம், கொஞ்சம் கூடக்குறைய. இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்தான், மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை.

ஆனால் தம்பி, நீங்கள் கணக்குப் பார்க்கவேண்டியது வானத்தை இல்லை, றோட்டை. கட்டுநாயக்க என்றால் ஏ9 றோட்டைப் பிடித்து வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து, விடிய நீர்கொழும்பில் இறங்கி ஓட்டோ பிடிக்கவேண்டும். முழங்கால் நோவோடு அந்த இருப்பு அம்மாவுக்கு வேண்டாம். பலாலிக்கு உங்கள் ஊரில் இருந்து பரந்தன் வந்து ஆனையிறவு தாண்டி, கைதடியில் திரும்பி, கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று போனால் யாழ்ப்பாண ரவுணுக்குள் போகவே தேவையில்லை. விடிய ஒரு வான் வண்டியில் வெளிக்கிட்டால் ஆறுதலாகப் போய்ச் சேரலாம்.

மன்னார்க்கரை:
அண்ணை சொன்னது சரி. மன்னார்ப் பக்கத்து ஆட்களுக்கும் 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரியால் பலாலி போவது லேசு. இன்னொன்று, ஆஸ்பத்திரி சென்னையில்தான் என்று இல்லாவிட்டால் திருச்சியையும் யோசியுங்கள். 2025இல் பலாலி–திருச்சி சேவை தொடங்கினார்கள். அது நேர்கோட்டில் 185 கிலோமீற்றர்தான். வவுனியாவில் இருந்து கொழும்புக்குப் போகும் றோட்டுத் தூரத்தை விடக் குறைவு!

வவுனியா_அக்கா:
அம்மாவை நினைத்து ஒன்று சொல்கிறேன். ஏ.டி.ஆரில் ஆட்கள் ஏறுவது பின்பக்கக் கதவால். பலாலியில் வெளியில் நடந்துபோய், கதவோடு இருக்கும் அந்தச் சின்னப் படியில் ஏறவேண்டும். படி கொஞ்சம்தான், ஆனால் ஒடுக்கம். ரிக்கற் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று எழுதிவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் இழுபடும். பின்வரிசை ஆசனமாக எடுத்தால் உள்ளேயும் கன தூரம் நடக்கத் தேவையில்லை. மாரி காலம் என்றால் மழையால் பிந்தலாம், அதனால் டொக்டரைப் பார்க்கும் நாளை அடுத்த நாளுக்கு வையுங்கள்.

முல்லைக்கரை:
நல்லது அக்கா, அண்ணை. ஆஸ்பத்திரி சென்னையில்தான், பலாலியாலேயே போகிறோம். எத்தனை கிலோ பொதி கொண்டுபோகலாம் என்ற கணக்குக் குழப்பமாக இருக்கு, ரிக்கற் போடுகிற இடத்தில் நாளைக்கே கேட்கிறேன். சக்கர நாற்காலியும் அதோடு எழுதுவிக்கிறேன்.