பரணில் கிடைத்த அப்பாவின் கிடார்: 60களில் நீலகிரியில் பேண்டில் வாசித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குன்னூர் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். அருவங்காடு கார்டைட் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது கம்பளியில் சுற்றிய ஒரு கிடார் கிடைத்தது. அவர் கையில் கிடாரை நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மாவைக் கேட்டால், "கல்யாணத்துக்கு முன்னாடி ஏதோ பேண்டுல வாசிச்சாராம், எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்கிறார்.

கிடாரின் முகத்தில் வயலினில் இருப்பது போல இரண்டு வளைந்த துளைகள். கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. கழுத்து லேசாக வளைந்திருக்கிறது. கம்பிகள் ஆறும் துருப்பிடித்தாலும் அறுந்து போகவில்லை. முதல் கம்பி மயிரிழை போல மெல்லியது, மூன்றாவது கம்பி சுற்று இல்லாத வெறும் கம்பி.

கூடவே ஒரு பிஸ்கட் டின். உள்ளே சோப்பு டப்பா மூடியை வெட்டிச் செய்த மூன்று பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சில்லு), ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டு முழுக்க ஆங்கிலப் பாட்டு வரிகள், ஆனால் தமிழ் எழுத்தில். ஓரத்தில் வா.1, வா.2, வா.3 என்று குறிப்பு. சில பக்கங்களில் வரியே இல்லை, வெறும் கார்டுகள்தான் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டும் கூட்டுகளின் பெயர்கள்). இந்த "வா" என்ன? கிடாரைச் சரி செய்து வாசிக்க முடியுமா? அப்போது இங்கே பேண்டில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கம்பிக்காரன்:

முதலில் ஒன்று: ஆசைக்காகக்கூட கம்பியை இறுக்கிப் பார்க்காதீர்கள். இந்த வயதுக் கிடார்கள் பலவற்றில் கழுத்துக்குள் இரும்புக் கம்பி இருக்காது, இருந்தாலும் திருகிச் சரி செய்யும் வசதி இருக்காது. எல்லாக் கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அப்புறம் மேல் பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். எங்காவது 'சிர்'ரென்று அதிர்ந்தால் உள்ளே தாங்கு கட்டை விட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் வஜ்ஜிரம் என்ற தோல், எலும்புப் பசையைக் காய்ச்சித்தான் ஒட்டுவார்கள். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெயிலிலும் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் வேண்டாம். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையை ஊற்றிவிட்டால் பிறகு யாராலும் சரியாகப் பிரிக்க முடியாது. கிடார் வேலை மட்டுமே செய்பவரிடம் கொடுங்கள்.

பழைய ரிதம்:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். 1964 முதல் 69 வரை குன்னூர், வெலிங்டன் பக்கம் ஒரு பீட் குரூப்பில், அதாவது ஆங்கில பாப் பாட்டு வாசிக்கும் கிடார் குழுவில், ரிதம் கிடார் வாசித்தவன் நான். உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த "வா" தெரியும். வாரம்.

எங்கள் கையில் இசைத்தட்டு வாங்கக் காசு இல்லை. ரேடியோ சிலோன்தான் எல்லாம். ஆங்கில ஹிட் பரேடு, அதாவது பிரபலமான பாட்டுகளின் பட்டியல் நிகழ்ச்சி, வாரத்துக்கு ஒரு தடவை. பாட்டு ஓடும் மூன்று நிமிடத்தில் காதில் விழுந்தது விழுந்ததுதான், மிச்சத்துக்கு அடுத்த வாரம். அதற்குள் அந்தப் பாட்டு பட்டியலிலிருந்து இறங்கிவிடக் கூடாதே என்று வேறு கவலைப்படுவோம். சிற்றலை என்பதால் சத்தம் ஏறும், இறங்கும், சரியாக நமக்கு வேண்டிய இடத்தில் காணாமல் போகும். ஏரியல் ஒயரைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்தோம். ஒருவன் வார்த்தையைப் பிடிப்பான், ஒருவன் லீட் கிடாரின் மெட்டை, நான் கார்டை. எனக்கு முதலில் பேஸ், அதாவது அடியில் ஓடும் கனத்த சுரம்தான் பிடிபடும். அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் மேலே மேஜரா மைனரா என்று கையால் தேடிக்கொள்ளலாம். ஆங்கிலம் தெரியாததால் தமிழில் எழுதினார் என்று நினைக்காதீர்கள். வேகமாக வரும் ஒலியை விழுந்தபடியே பிடிக்க நமக்குத் தமிழ் எழுத்துதான் தோது. வரி இல்லாத பக்கங்கள் கிடார் மட்டும் வரும் உருப்படிகளாக இருக்கும். ஷேடோஸ், வென்ச்சர்ஸ் மாதிரிக் குழுக்களின் உருப்படிகள் எங்களுக்கு உயிர்.

அந்த மூன்றாவது கம்பிக்கு வருகிறேன். அப்போது கிடைத்த செட்டுகளில் மூன்றாவது கம்பி தடித்த சுற்றுக் கம்பி. சுரத்தை வளைக்க விரலால் தள்ளினால் அசையாது. அதனால் மேண்டலினின் முதல் கம்பியை வாங்கி முதல் இடத்தில் போடுவோம். கிடாரின் முதல் கம்பி இரண்டாவது இடத்துக்குப் போகும், இரண்டாவது கம்பி மூன்றாவதற்கு. மேண்டலின் கம்பியின் நுனியில் வெறும் வளையம்தான் இருக்கும், கிடாரின் டெயில்பீஸில் (கம்பியின் அடி நுனியை மாட்டும் உலோகத் தகடு) நிற்காது. அறுந்துபோன பழைய கிடார் கம்பியின் நுனியில் மணி மாதிரி ஒரு பித்தளை உருளை இருக்கும். அதைக் கழற்றி அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் சரியாக உட்காரும். அந்த மணிகளைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். உங்கள் அப்பாவின் முதல் கம்பி நுனியை ஒரு தடவை பாருங்கள்.

எப்படி வாழ்ந்தோம் என்று கேட்டீர்கள். வாரம் முழுக்க வேலை, சனி ராத்திரி வாசிப்பு. நான் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஏப்ரல், மே சீசனில் மட்டும் கை நிறைய அழைப்பு வரும். அப்புறம் கிறிஸ்துமஸ், புது வருஷம், ஆங்கிலோ இந்தியக் கல்யாணங்கள். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் வரை வால்வு ரேடியோவின் பின்னால் கிராமஃபோனுக்கு இருக்கும் துளையில் கிடாரைச் சொருகித்தான் வாசித்தோம். டிசம்பரில் ஊட்டியில் விரல் மரத்துவிடும், கணப்புச் சட்டியில் காட்டிக்கொண்டு மேடை ஏறுவோம். வராந்தா குளிரில் சுருதி சேர்த்த கிடார், ஆள் நிறைந்த ஹாலுக்குள் போனதும் சுருதி இறங்கிவிடும். கம்பி சூட்டில் தளரும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. முதல் பாட்டு நாறிப் போன பிறகு நாங்களாகவே தெரிந்துகொண்டோம்.

ஆட்டம் முடியும்போது ராத்திரி ஒரு மணி. ரயில் எது இருக்கும்? மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிப் போகும் லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து வருவோம். கிடார் மடியில், நமக்கு இல்லாவிட்டாலும் அதற்குக் கம்பளி. எங்கள் பாடகர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார், அதோடு குரூப் நின்றது. பம்பாயில் சிம்லா சிகரெட் பெயரில் நடந்த பீட் போட்டியில் 1970, 71 வருஷங்களில் வாசித்த குழுக்களுக்கு இசைத்தட்டு மிச்சம். எங்களுக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவுகூடக் கிடையாது.

உங்கள் அப்பா ஏன் வீட்டில் பேசவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. என் மகனுக்கும் ரொம்ப நாள் தெரியாது. 1971இல் தங்கை கல்யாணத்துக்குக் கிடாரை விற்றேன், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் அப்பா விற்கவில்லை அம்மா. அவருக்கும் கல்யாணம், வீடு, செலவு எல்லாம் வந்திருக்கும். இருந்தும் கம்பளி சுற்றி வைத்திருந்தார்.

ரிக்கார்டு பெட்டி:

ஐயா சொன்ன கம்பி மாற்றும் வேலையை அமெரிக்காவில் ஜேம்ஸ் பர்ட்டன் என்ற கிடார் கலைஞர் செய்தார். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் ஊரில் வளர்ந்தவர். 1957இல் டேல் ஹாக்கின்ஸின் 'சூசி க்யூ' இசைத்தட்டில் வாசிக்கும்போது பதினேழு பதினெட்டு வயதுதான். மேண்டலினுக்குப் பதில் பாஞ்சோ கம்பிகள். பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லியோடு 1969 முதல் 77 வரை வாசித்தவரும் இவரே. வென்ச்சர்ஸைத் தொடங்கிய பாப் போகிளும் டான் வில்சனும் கட்டட வேலை பார்த்த கொத்தனார்கள். 1960இல் அவர்கள் வாசித்த ஒரு உருப்படி அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. உங்கள் அப்பா ஃபிட்டர் என்று படித்ததும் அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

குன்னூர் மகள்:

ஐயா, கம்பியைத் தளர்த்திவிட்டுப் பார்த்தேன். முதல் கம்பி நுனியில் வளையம், வளையத்துக்குள் பித்தளை மணி. அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கிடாரைக் கோவையில் ஒருவரிடம் கொடுக்கப் போகிறோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டு வா.6 வரை வந்து, பாதியில் நிற்கிறது. கார்டும் கொஞ்சம்தான் இருக்கிறது.

பழைய ரிதம்:

கிடாரைக் கொடுக்கும்போது அந்த முதல் கம்பியைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், துரு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். வெட்டி எழுதியது உட்பட எல்லாம் தெரிய வேண்டும். ஆறு வாரம் பட்டியலில் நின்ற பாட்டு என்றால் நாங்களும் பிடித்திருப்போம். மிச்சக் கார்டை எழுதித் தருகிறேன்.