தூண்டில்கோலின் ‘ஆக்ஷன்’: ‘வளைவிடம்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தூண்டில்கோல் கட்டுவோருக்கான சொற்பட்டியலில் ‘பிளாங்க்’ என்பதற்குக் ‘கழை’ என்ற சொல்லைச் சென்ற மாதம் ஏற்றுக்கொண்டோம். பெரும்பாணாற்றுப்படையில் ‘நெடுங்கழைத் தூண்டில்’ என்று மூங்கில் கோல் சுட்டப்படுவது அதற்குத் துணைநின்றது. வளையமும் பிடியும் பூட்டப்படாத வெறுங்கோலைக் குறிக்க அதைவிடச் சுருக்கமான சொல் கிடைக்காது என்றே இன்றும் எண்ணுகிறேன். இப்போது விவாதத்தில் இருப்பது ‘ஆக்ஷன்’. அதற்குச் ‘செயற்பாடு’, ‘வினைவேகம்’, ‘வளைபாங்கு’ என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. இம்மூன்றையும் விலக்கி ‘வளைவிடம்’ என்பதை ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இந்தச் சொல்லை நம்பித்தான் ஒருவர் கழையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுத்து வாங்குவார் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோலின் நுனியை இழுக்கும்போது வளைவு நுனியிலிருந்து எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்பதுதான் ‘ஆக்ஷன்’. நுனிப் பகுதி மட்டும் வளைந்து மற்ற பகுதி நேராக நின்றால் அதை ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்கிறார்கள். வளைவு நடுப்பகுதி வரை வந்தால் ‘மாடரேட்’. பிடிக்கு அருகே வரை முழுக்கோலும் வளைந்தால் ‘ஸ்லோ’. இந்த மூன்று ஆங்கிலச் சொற்களும் வேகத்தைப் பேசினாலும் அவை குறிப்பது ஓர் இடத்தைத்தான். ‘வினைவேகம்’ என்ற பரிந்துரை ஆங்கிலச் சொல்லின் தோற்றத்தைப் பின்பற்றியதே தவிரப் பொருளைத் தொடவில்லை. ‘செயற்பாடு’ என்பதோ எந்தக் கருவிக்கும் பொருந்தும் பொதுச்சொல். கோலைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

வேகம் என்ற சொல்லை இங்கே செலவழித்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளைந்த கழை எவ்வளவு விரைவாக நிமிர்ந்து ஆட்டம் அடங்குகிறது என்பது வேறொரு பண்பு. அதற்குத்தான் வேகம் என்ற சொல் உண்மையில் தேவைப்படுகிறது. அது பெரும்பாலும் கழை செய்யப்பட்ட பொருளைச் சார்ந்தது. கண்ணாடி இழையின் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 72 கிகாபாஸ்கல், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், பரவலாகப் பயன்படும் கார்பன் இழைக்கு முறையே 230, 1.8. எடை குறைவாகவும் விறைப்பு மிகுதியாகவும் இருப்பதால் கார்பன் கழை சட்டென்று நிமிர்கிறது. ஆகவே அடிவரை வளையும் கார்பன் கழை, நுனி மட்டும் வளையும் கண்ணாடியிழைக் கழையைவிட விரைவாக மீளவும் கூடும். முதலாவதை ‘மந்த வினைக்கோல்’ என்றும் இரண்டாவதை ‘வேக வினைக்கோல்’ என்றும் எழுதினால் படிப்பவருக்குத் தலைகீழான செய்தி போய்ச் சேரும். நிமிரும் பண்புக்கு ‘மீள்வேகம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியான சொல் எங்கே இருக்கிறது என்று தேடியபோது அது ஏற்கெனவே கண்மாய்க் கரையில் பேசப்பட்டுவருவதைக் கண்டேன். வைகைத் தண்ணீர் வந்து பெரிய கண்மாய் நிரம்பிய பிறகு, மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் அனுமதி பெற்று, விடுமுறை நாள்களில் எங்களில் சிலர் கரையில் கூடுவது வழக்கம். பாம்பன், மண்டபம் பக்கம் கடலில் தூண்டில் வீசுபவர்களும் அந்தப் பருவத்தில் எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். யாராவது புதிதாக ஒரு கோலைக் கட்டிக்கொண்டு வந்தால், அது கையிலிருந்து கைக்கு மாறும். ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள மற்றவர் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். அப்போது சொல்லப்படுவது, “நுனி மட்டும்தான் வளையுது”, “பாதி வரைக்கும் வருது”, “அடி வரைக்கும் வளைஞ்சு கொடுக்குது” என்பவைதான். பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் பொறியியல் படித்தவரும் ஒரே விதமாகவே இதைச் சொல்கிறார்கள். வேகம் என்றோ வினை என்றோ ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மக்கள் வாயில் இவ்வளவு துல்லியமான பாகுபாடு இருக்கும்போது கலைச்சொல்லாக்கத்தின் வேலை அதை இறுக்கிக் கட்டுவது மட்டுமே: நுனிவளைவு, இடைவளைவு, அடிவளைவு. இம்மூன்றுக்கும் பொதுப்பெயர் ‘வளைவிடம்’.

‘வளைபாங்கு’ என்ற மதுரை நண்பரின் பரிந்துரை இவற்றுள் சிறந்தது. அதை விலக்குவதற்கு நான் தயங்கவே செய்தேன். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பகுதிகளில் ‘பாங்கு’ என்றதும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பே முதலில் நினைவுக்கு வரும் என்பதை ஒரு நண்பர் எடுத்துச்சொன்னார். கூட்டுச்சொல்லில் வரும்போது குழப்பம் நேராது என்பதால் அதை நான் பெரிய தடையாகக் கருதவில்லை. பாங்கு என்பது முறை, தன்மை என்ற அகலமான பொருள் தருவதுதான் உண்மையான தடை. கோல் வளையும் முறை என்று சொன்னால் அதில் விறைப்பும் அடங்கும், மீள்வேகமும் அடங்கும். நமக்கு வேண்டியது அவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் சொல்.

இந்தப் பிரிவு முக்கியம் என்பதால்தான் ‘பவர்’ என்பதையும் இதே மடலில் எடுத்துக்கொள்கிறேன். கோலை வளைக்க எவ்வளவு எடை தேவை என்பது அதன் ‘பவர்’. இதற்குத் ‘திறன்’, ‘வலு’ என்ற இரண்டும் பரிந்துரைக்கப்பட்டன. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் திறன் என்பது வாட்டில் அளக்கப்படும் அளவு; கடலுக்கு அப்பால் இலங்கைப் பாடநூல்களில் அதே அளவுக்கு ‘வலு’ என்று பெயர். நம் குழுமத்தில் இரு கரையினரும் இருக்கிறோம். எதை எடுத்தாலும் ஒரு கரையில் முரண் எழும். மேலும் இங்கே அளக்கப்படுவது வளைவுக்கு எதிரான தடை மட்டுமே, ஆகவே ‘விறைப்பு’ என்பதே பொருத்தம். மென்விறைப்பு, நடுவிறைப்பு, வன்விறைப்பு என்று அதைத் தரம் பிரிக்கலாம்.

வளைவிடமும் விறைப்பும் ஒன்றையொன்று சாராதவை என்பதை ஐயப்படுபவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்கக் கோல்கட்டுநர்களிடையே வழங்கும் ஒரு முறையில், கோலைக் கிடைமட்டமாக இறுக்கிப் பிடிக்கவைத்து, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி கீழே இறங்கும்வரை அந்தப் பையில் சென்ட் நாணயங்களைப் போடுவார்கள். 1982க்குப் பின் வந்த துத்தநாக சென்ட் ஒன்றின் எடை 2.5 கிராம். 210 செ.மீ. நீளக் கோலின் நுனி 70 செ.மீ. இறங்க நாற்பது நாணயங்கள் பிடித்தால், அதன் விறைப்பு 100 கிராம் எடைக்குச் சமம். நமக்கு நாணயம் வேண்டியதில்லை. தூண்டிலுக்கான ஈயக்குண்டுகளே போதும். அதே நிலையில் நுனி கிடைமட்டத்தோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்தால் அது வளைவிடத்தைக் காட்டும். வளைவு நுனிப்பக்கமே ஒடுங்கிய கோலில் கோணம் பெரிதாகவும், அடிவரை பரவிய கோலில் சிறிதாகவும் இருக்கும். ஒரே 100 கிராமில் ஒரே 70 செ.மீ. இறங்கிய இரண்டு கழைகள் இரு வேறு கோணங்களில் நிற்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு, இரண்டு பண்புகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பதை யாரும் விளக்க வேண்டியிராது.

‘வளைவிடம்’ என்பதற்கு எதிராக எழக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. கோல் ஒரு புள்ளியில் ஒடிந்ததுபோல வளைவதில்லை. நுனியிலிருந்து தொடர்ச்சியாகவே வளைகிறது. அப்படியிருக்க ‘இடம்’ என்று எப்படிச் சொல்வது? இங்கே ‘இடம்’ என்பதைப் புள்ளியாகக் கொள்ளாமல், வளைவு பரவியிருக்கும் பகுதியாகக் கொள்ள வேண்டும். தமிழில் இடம் என்ற சொல்லுக்குப் பரப்பு என்ற பொருளும் இயல்பாகவே உண்டு என்பதால் விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதுமானது.

இந்தச் சொல் கோல்கட்டும் வேலைக்கு நேரடியாகப் பயன்படுகிறது என்பதே எனக்கு மிகவும் நிறைவளிப்பது. நரம்பு, அதாவது தூண்டில் இழை, செல்லும் வளையங்களை எங்கே நெருக்கமாக வைப்பது என்பது வளைவு எங்கே கூர்மையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நுனிவளைவுக் கழையில் நுனியை நெருங்க நெருங்க இடைவெளியைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது நரம்பு கழையின் வளைவோடு செல்லாமல் வளையத்துக்கு வளையம் குறுக்கே ஓடும். அடிவளைவுக் கழையில் வளைவு நீளம் முழுவதும் பரவுவதால், கீழ்ப்பகுதி வளையங்களையும் அதே கவனத்தோடு அமைக்க வேண்டும். ‘வேக வினைக்கோல்’ என்று படித்த புதியவருக்கு இதில் எதுவும் விளங்காது. ‘நுனிவளைவுக் கழை’ என்று படித்தவருக்கு வளையங்களைக் கழையில் கட்ட நூல்சுற்றத் தொடங்கும் முன்பே பாதி விளங்கிவிடும்.

மீனுக்கேற்ற கோலைத் தேர்ந்தெடுப்பதிலும் அப்படியே. விராலுக்கு வாய் எலும்பும் கடினமுமானது; கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவிலிருந்து அதை உடனே வெளியே இழுக்கவும் வேண்டும்; ஆகவே நுனிவளைவும் வன்விறைப்பும் கொண்ட கோலும் பின்னல் நரம்பும் பொருந்தும். கெண்டைக்கு உதடு மென்மையானது; அதே கோலில் அதே நரம்போடு வெட்டி இழுத்தால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மெல்லிய தங்கூஸ் நரம்போடு இடைவளைவோ அடிவளைவோ உள்ள கோலைக் கொண்டு வந்தால் மீன் ஓடும் ஓட்டத்தைக் கோல் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே பட்டியலில் கீழ்க்கண்டவாறு பதியக் கேட்டுக்கொள்கிறேன். வளைவிடம்: நுனியில் பாரம் ஏறும்போது கோலில் வளைவு பரவும் பகுதி, நுனிவளைவு, இடைவளைவு, அடிவளைவு என மூவகைப்படும். விறைப்பு: கோலைக் குறிப்பிட்ட அளவு வளைக்கத் தேவைப்படும் எடையால் அறியப்படும் பண்பு. மீள்வேகம்: வளைந்த கோல் நிமிர்ந்து அடங்கும் விரைவு. ‘எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்’ என்பதற்குக் ‘கடைநுனி வளைவு’ என்று எழுதலாம்; இதைவிட நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவியுங்கள், அதன் பின் பட்டியலைத் திருத்தி அனைவருக்கும் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
இராமநாதபுரத்திலிருந்து ஒரு கோல்கட்டுநர்