விதையிலிருந்து பிர்ச் மரம் வளர்த்தவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒஸ்லோவிலிருந்து:

இங்கே பிர்ச் நாற்றைக் கடையில் வாங்கிவிடலாம். ஆனாலும் எங்கள் பின்வளவில் நிற்பவை எல்லாம் நானே விதை போட்டு எடுத்தவை. வெள்ளிப் பிர்ச் வகை, கிளை நுனிகள் தொங்கும்.

முதலில் விதை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து காய்க்கதிர்கள் பழுப்பாகத் தொடங்கும். விரலால் லேசாக நெருடினால் உதிர வேண்டும், அதுதான் பறிக்கும் பருவம். காகிதப் பைக்குள் போட்டுக் காய வைத்துத் தேய்த்தால் இரண்டு பொருள் கொட்டும். பறக்கும் பறவை வடிவத்தில் கண்ணில் படுவது வெறும் செதில். விதை அதைவிடச் சின்னது, இரு பக்கமும் கண்ணாடி போன்ற மெல்லிய இறகு இருக்கும். பலர் செதிலை விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்கிறார்கள்.

எந்த மரத்தில் பறிக்கிறோம் என்பதும் முக்கியம். பிர்ச் பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. தனியாக நிற்கும் மரத்தின் விதைகளில் பெரும்பகுதி உள்ளே ஒன்றுமில்லாத பதராக இருக்கும். ஆகவே தோப்பாக நிற்கும் இடத்துக்குப் போய்ப் பறியுங்கள். அங்கேயும் பதர் உண்டு என்பதால் கீரை விதை தூவுவது போல நெருக்கமாகவே தூவ வேண்டும்.

விதை என்றால் மண்ணுக்குள் புதைப்பதுதான் நமக்குப் பழக்கம். பிர்ச்சுக்கு அது ஆகாது. காட்டுத் தீக்குப் பிறகோ நிலச்சரிவுக்குப் பிறகோ வெறுமையாகக் கிடக்கும் மண்ணில் முதலில் வந்து இறங்கும் மரம் இது. முளைப்பதற்கு வெளிச்சம் கேட்கும். ஈர மண்ணின் மேல் தூவி, ஒரு பலகையால் மெதுவாக அழுத்துங்கள், போதும். மேலே மண் போட வேண்டாம்.

குளிரும் வேண்டும். நான் இலையுதிர் காலத்திலேயே தட்டில் தூவி, எலியும் பறவையும் தொடாதபடி கம்பிவலை மூடி வெளியே வைத்துவிடுவேன். பனி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பனி இல்லாத ஊரில் விதையை ஈர மணலில் கலந்து, ஃபிரிட்ஜில் 4 பாகை அளவில் 3, 4 வாரம் வைத்தால் சரி. குளிர் பட்ட விதை வெளிச்சம் குறைவாக இருந்தாலும் முளைக்கும், அதுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

முளை வந்த பிறகுதான் உண்மையான கவனம் வேண்டும். வித்திலைகள் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வேர் மயிரிழை. மேல்மண் காய்ந்தால் அரை நாளில் போய்விடும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் சாய்ந்துவிடும். தட்டைத் தண்ணீரில் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். தட்டை மூடி வைத்திருந்தால் முளைத்ததும் மூடியை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துத் தண்டின் அடி கறுத்து விழும்.

பட்டை பழுப்பாக இருக்கிறதே, வேறு மரமோ என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிர்ச் கன்று முதல் சில வருடம் பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை பின்னால்தான் வரும்.

ரொறன்ரோவிலிருந்து:

அக்கா, வெள்ளைப் பட்டை ஆசையில் இங்கே ஐரோப்பிய வகையை நட்ட வீடுகளில் மரம் நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். பட்டைக்கு அடியில் துளைத்துப் போகும் ஒரு வண்டின் புழு செய்யும் வேலை. வெயிலில் வேர் காய்ந்து சோர்ந்த மரத்தைத்தான் அது முதலில் பிடிக்கிறது. நான் ஆற்றுப் பிர்ச்சுக்கு மாறிவிட்டேன், அந்த வண்டு இதை அவ்வளவாகத் தொடுவதில்லை. பட்டை வெள்ளையில்லை, இளஞ்சிவப்பும் பழுப்புமாகச் சுருள் சுருளாக உரியும். எனக்கு அதுவே அழகு. இதன் விதை மற்ற வகைகள் மாதிரி இலையுதிர் காலத்தில் பழுப்பதில்லை, கோடைத் தொடக்கத்திலேயே பழுத்துவிடும். உடனே தூவினால் குளிர் எதுவும் வேண்டாம். காய வைத்து எடுத்து வைக்க நினைக்காதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் வளர்த்ததில்லை, பார்த்திருக்கிறேன். கங்கோத்ரியிலிருந்து கோமுக் போகும் வழியில் ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில் போஜ்பாசா. போஜ் என்றால் நம் பூர்ஜ மரம், அதாவது இமயமலைப் பிர்ச், அதன் பட்டையில்தான் பழைய சுவடிகள் எழுதினார்கள். 1881இல் கிடைத்த பக்‌ஷாலி கணிதச் சுவடியும் பூர்ஜப்பட்டைதான். மரத்தின் பெயரையே தாங்கிய ஊரில் அந்த மரம் அரிதாகிவிட்டது. யாத்திரிகர்களின் அடுப்புக்கும் கொட்டகைக்கும் வெட்டியே தீர்த்துவிட்டார்கள். மலையேற்ற வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் அங்கே கன்றுகள் வளர்த்து நட்டதைக் கேள்விப்பட்டபோது மனம் நிறைந்தது. அந்தக் குளிரில் ஒரு கன்றை ஆளாக்குவது எவ்வளவு பெரிய வேலை! அப்புறம் ஒரு கேள்வி: நாற்றுக்கு உரம் எப்போது?

ஒஸ்லோவிலிருந்து:

நிஜ இலை நாலைந்து வந்த பிறகு, நீர்த்த உரம், அதுவும் கொஞ்சமாக. அதைவிட முக்கியம், வளர்ந்த பிர்ச் மரத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துத் தொட்டியில் கலப்பது. இந்த மரம் வேரோடு வாழும் பூஞ்சைகளைக் கொண்டுதான் ஏழை மண்ணிலும் சத்து எடுக்கிறது. ஜூலைக்கு மேல் உரம் வேண்டாம். தளிர் முற்றாமல் நின்றால் முதல் உறைபனியில் கருகிவிடும்.